கப்போவின் மரங்கள்: கிங்ஸ்டன் கலைக்கூடத்தில் ஒரு போதகரின் சிற்பங்கள்

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், துறைமுகத்தை ஒட்டிச் செல்லும் ஓஷன் புலவார்ட் வீதியில் அந்நாட்டின் தேசியக் கலைக்கூடம் அமைந்திருக்கிறது. 1974இல் டெவன் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் தொடங்கப்பட்ட இக்கலைக்கூடம், 1982இல் கடலோரத்திலுள்ள ரோய் வெஸ்ட் கட்டடத்துக்கு இடம் மாறியது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது ஒரு வணிகக் கட்டடம் போலத்தான் தெரியும். மொன்டிகோ பேயின் கடற்கரை விடுதிகளுக்கு வரும் வெளிநாட்டவர்களில் மிகச் சிலரே தீவைக் குறுக்கறுத்து இங்கு வருகிறார்கள்.

வருபவர்கள் உள்ளே பார்ப்பதற்கு எவ்வளவோ உண்டு. ஆதிக்குடிகளான தைனோ மக்களின் காலம் தொட்டு இன்றுவரையான படைப்புகள் அங்கே இருக்கின்றன. ஆனால் நிரந்தரக் காட்சியில் தனியொருவரின் பெயரால் ஒதுக்கப்பட்டவை என்று பேசப்படும் பகுதிகள் இரண்டு. ஒன்று, நாட்டின் முதன்மைச் சிற்பி என்று கொண்டாடப்படும் எட்னா மான்லிக்கு உரியது. மற்றது கப்போவுக்கு உரியது. இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாமவரைப் பற்றியது.

கப்போ என்பது அழைக்கும் பெயர். இயற்பெயர் மல்லிக்கா ரெனோல்ட்ஸ். எங்கள் காதுக்குப் பெண்ணின் பெயராக ஒலித்தாலும் இவர் ஓர் ஆண். 1911 பெப்ரவரியில் சென்ற் கத்தரின் மாவட்டத்திலுள்ள பைண்ட்லொஸ் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1989 பெப்ரவரியில் மறைந்தார். ஓவியமோ சிற்பமோ எவரிடமும் கற்கவில்லை. அவருடைய தொழில் போதகம். கிங்ஸ்டனின் ஏழைகள் கூடும் ஒரு சபைக்கு அவர் மேய்ப்பர், பிற்காலத்தில் ஆயர். அந்தச் சபை எந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்பதை அறியாமல் அவருடைய மரச்சிற்பங்களைப் பார்ப்பது, கூத்து என்றால் என்னவென்று தெரியாமல் அதன் முடிகளையும் உடுப்புகளையும் மட்டும் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

எழுப்புதல் சமயம்

ஜமைக்காவை 1655இல் ஸ்பானியரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றினர். கரும்புத் தோட்டங்களுக்காக மேற்கு ஆபிரிக்காவிலிருந்து இலட்சக்கணக்கானோரை அடிமைகளாகக் கொண்டுவந்தனர். 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும் 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் அதே தோட்டங்களில் கட்டி வைக்கப்பட்டவர்களுக்கு உண்மையான விடுதலை 1838இல்தான் கிடைத்தது.

விடுதலை பெற்றவர்களுக்குக் காணி கிடைக்கவில்லை. வாக்குரிமையும் இல்லை. அவர்களிடம் எஞ்சியிருந்தது வழிபாடு. மிஷனரிமார் கற்பித்த வேதாகமத்தையும், பாட்டன் பூட்டனிடமிருந்து வந்த ஆபிரிக்க நம்பிக்கைகளையும் சேர்த்துத் தமக்கென ஒரு வழிபாட்டை அவர்கள் உருவாக்கிக்கொண்டார்கள். 1860, 1861ஆம் ஆண்டுகளில் தீவெங்கும் பெருகிய சமய எழுச்சியில் அது தனி உருவம் பெற்றது. ஆங்கிலத்தில் அதற்கு ரிவைவல் என்று பெயர். எங்கள் கிறிஸ்தவ மக்கள் 'எழுப்புதல்' என்று சொல்கிறார்களே, அதே சொல்தான். ஆனால் ஜமைக்காவில் அது ஒரு கூட்டத்தின் பெயராக நின்றுவிடாமல் ஒரு சமயத்தின் பெயராகவே ஆகிவிட்டது. அதில் சீயோன், பொக்கோமேனியா என்று இரு கிளைகள் உண்டு. கப்போ சீயோன் கிளையைச் சேர்ந்தவர்.

அந்த வழிபாட்டில் பறை உண்டு. தலைப்பாகை உண்டு. பழம், பாண், மெழுகுவர்த்தி, பூ, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஆகியவை பரப்பிய மேசை உண்டு. அடியார்கள் வட்டமாகச் சுற்றி, காலை நிலத்தில் ஊன்றி, உடலை முன்னால் வளைத்து, மூச்சைப் பலமாக இழுத்து விட்டு ஆடுவார்கள். சிலர் மேல் ஆவி இறங்கும். மிக்கேல், கபிரியேல் போன்ற தூதர்களும், தீர்க்கதரிசிகளும், சில வேளைகளில் இறந்த முன்னோரும் வருவார்கள். எங்கள் ஊர்களில் அம்மன் சடங்கின்போது உரு வந்து ஆடுபவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. வருபவர் யார் என்பதுதான் வேறு.

இதைப் படித்த மேல்தட்டினர் வெறுத்தார்கள். அரசு அஞ்சியது. அஞ்சுவதற்குக் காரணமும் இருந்தது. 1865இல் மொரன்ற் பே நகரில் எழுந்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய போல் போகிள், சுதேச பப்டிஸ்ட் சபையின் உதவிக்குரு. ஆளுநர் எயர் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். 400க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். சுமார் 600 பேருக்குக் கசையடி விழுந்தது. ஏறத்தாழ 1,000 வீடுகள் எரிக்கப்பட்டன. போகிள் தூக்கிலிடப்பட்டார். ஏழைகள் இரவில் கூடிப் பாடுகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் அதற்குப் பிறகு ஆட்சியாளர்களை விட்டு நீங்கவே இல்லை.

அடுத்த தலைமுறையில் அலெக்சாண்டர் பெட்வேட் வந்தார். ஓகஸ்ட் டவுன் என்ற இடத்தில், ஹோப் ஆற்றின் கரையில், நோய் தீர்க்கும் தண்ணீரை வழங்கிய போதகர் அவர். ஆயிரக்கணக்கானோர் அவரைத் தேடிப் போனார்கள். 1895இல் அவர்மீது அரசதுரோகக் குற்றம் சாட்டப்பட்டது. சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1921இல் தன் அடியார்களோடு கிங்ஸ்டனை நோக்கி நடந்தபோது மீண்டும் கைது செய்யப்பட்டார். இம்முறை மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, 1930இல் அங்கேயே இறந்தார். தண்டனை வழங்குவதைவிடப் பைத்தியம் என்று பெயர் சூட்டுவது அரசுக்குச் செலவு குறைந்த வழி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம். 1895இல் பெட்வேட் மீது வழக்குத் தொடர்ந்த காலத்தில் ஜமைக்காவின் ஆளுநராக இருந்தவர் சேர் ஹென்றி பிளேக். அவரே 1903 முதல் 1907 வரை இலங்கையின் ஆளுநர். 1913 முதல் 1918 வரை ஜமைக்காவை ஆண்ட சேர் வில்லியம் மனிங், அங்கிருந்து நேராக இலங்கைக்கு வந்து 1925 வரை இருந்தார். மனிங் அரசியலமைப்பு என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்ததும், கொழும்பு மெனிங் சந்தைக்கு வாய்த்ததும் அவருடைய பெயர்தான். ஒரே காலனித்துவ அலுவலகம், ஒரே வரிசையில் நின்ற ஆளுநர்கள். சர்வசன வாக்குரிமை இலங்கைக்கு 1931இல் கிடைத்தது. ஜமைக்கா 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டப் புத்தகத்திலும் இந்த அச்சம் பதிந்திருக்கிறது. மாந்திரீகம் என்று கருதப்பட்ட ஆபிரிக்க வழிபாட்டு முறைகளையும் வைத்திய முறைகளையும் தண்டிப்பதற்கு 1898இல் ஒபியா சட்டம் வந்தது. 1911இல் இரவுநேர இரைச்சல்களைத் தடுக்கும் சட்டம் வந்தது. இரைச்சல் என்றால் பறையும் பாட்டும் என்று பொலிஸாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கப்போ பிறந்ததும் அதே 1911ஆம் ஆண்டில்தான்.

தூரிகையும் உளியும்

இளமையிலேயே கனவில் தனக்கு இறையழைப்பு வந்தது என்று கப்போ சொன்னார். ஊர் ஊராகப் போதித்துவிட்டுக் கிங்ஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். நகரின் மேற்குப் பகுதியில், கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் தகரமும் பலகையும் கொண்டு குடிசை போட்டிருந்த சூழலில் அவருடைய ஊழியம் நடந்தது.

1940களின் பிற்பகுதியில் அவர் படம் வரையத் தொடங்கினார். ஆரம்பத்திலேயே வரைந்தவற்றுள் ஒன்று கறுப்பு நிறக் கிறிஸ்து. இன்று இது பெரிய விடயமாகத் தோன்றாது. ஆனால் அக்காலத்து ஜமைக்காவில் ஏழையின் வீட்டுச் சுவரில் தொங்கிய இயேசுவுக்கும் தேவாலயத்துக் கண்ணாடியில் இருந்த இயேசுவுக்கும் நீலக் கண்ணும் பொன்னிறத் தலைமயிரும்தான். பெயின்ற் கடையில் கிடைத்ததைக் கொண்டு, கடவுளைத் தன் சபையாரின் நிறத்தில் வரைந்தார் ஒரு போதகர்.

பிறகு நெடுங்காலம் தூரிகையை ஓரமாக வைத்துவிட்டு உளியை எடுத்தார். மகோகனி, லிக்னம் வைட்டே போன்ற தீவின் மரங்களே அவருடைய கல். லிக்னம் வைட்டேயின் நீலப் பூ ஜமைக்காவின் தேசியப் பூ. அந்த மரம் தண்ணீரில் போட்டால் மிதக்காது, அவ்வளவு அடர்த்தி. கப்பல்களின் சுழலித் தண்டு தாங்கிகளைச் செய்வதற்கு அதைத்தான் தேடிப் பிடித்தார்கள். அப்படிப்பட்ட மரத்தில் உளி வைப்பது என்பது ஒரு நாளில் முடியும் வேலையல்ல.

சிற்பங்களைப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது மெருகு. கறுப்பும் கபிலமுமாகப் பளபளக்கும் வழவழப்பு. அடுத்தது உருட்சி. தோள், வயிறு, தொடை, தலை என எல்லாமே ஊதிப் பெருத்த வட்டங்கள், எங்கும் கூர் விளிம்பு இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட உடல்கள் ஒரே மரக்குற்றியில் பின்னிக் கிடக்கின்றன. ஒருவரின் கை எங்கே முடிகிறது, அடுத்தவரின் முதுகு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் எடுக்கும். தலைகள் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன.

ஏன் அப்படி? அவை ஆவி இறங்கிய வேளையின் உடல்கள். அந்த வேளையில் ஆடுபவர் தனியாள் இல்லை. அவருக்குள் இன்னொருவர் வந்து நிற்கிறார். பக்கத்தில் ஆடுபவரின் மூச்சும் தன் மூச்சும் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. ஐரோப்பியச் சிற்பம் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில் நூற்றாண்டுகளைச் செலவிட்டது. கப்போவுக்கு அந்தப் பிரிவினையே தேவைப்படவில்லை. 1960களில் செதுக்கிய ஒரு மகோகனிச் சிற்பத்துக்கு 'எல்லாப் பெண்களும் ஐந்து பெண்கள்' என்று பெயர் வைத்தார். பெயரை வாசித்துவிட்டுச் சிற்பத்தைப் பார்ப்பதா, சிற்பத்தைப் பார்த்துவிட்டுப் பெயரை வாசிப்பதா என்று கேட்டால், இரண்டாவதையே சொல்வேன்.

இந்தச் சிற்பங்களில் காமமும் இருக்கிறது. கட்டித் தழுவும் சோடிகள், பெருத்த முலைகள், பிள்ளைத்தாய்ச்சி வயிறுகள். ஓர் ஆயர் இப்படிச் செதுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த எவருக்கும் அந்தக் கேள்வி பெரிதாகத் தோன்றாது.

ஓவியங்களுக்கு மீண்டபோது வேறொரு கப்போ வெளிப்பட்டார். சிற்பத்தில் இருந்த முறுக்கும் இறுக்கமும் ஓவியத்தில் இல்லை. வட்ட வட்டமான பச்சை மலைகள், இலை இலையாகத் தனித்தனியே வரைந்த மரங்கள், பழம் நிறைந்த தோடை, ஓடும் தண்ணீர். 'ஒளிரும் ஊற்று', 'அமைதியான இரவு' என்று பெயர்கள். பெரும்பாலானவை ஹார்ட்போர்ட் பலகையில் எண்ணெய் வண்ணம் கொண்டு தீட்டியவை. சபையாரின் முகங்களும் வருகின்றன, வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக நேரே எங்களைப் பார்க்கும் முகங்கள். 'எழுப்புதல்காரர் விண்ணகம் போகிறார்கள்' என்ற படமும் உண்டு. 'பைத்தியக்காரர்' என்று அடைக்கப்பட்ட பெட்வேட்டும் தான் விண்ணகம் ஏறப் போவதாகச் சொன்னவர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தின் முன் நிற்க வேண்டும்.

ஓவியங்களைவிடச் சிற்பங்களே பெரியவை என்பது என் எண்ணம். ஓவியங்களின் இனிமை விரைவில் பழகிவிடுகிறது. மரம் அப்படிப் பழகுவதில்லை.

விடுதி முதலாளிகள்

இவ்வளவு படைப்புகள் எப்படி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன என்பது தனிக்கதை. அதில் மகிழ்வதற்கும் முகம் சுளிப்பதற்கும் விடயம் இருக்கிறது.

கப்போவின் சபையார் அவருடைய சிற்பங்களை வாங்கக்கூடியவர்களாக இருக்கவில்லை. வாங்கியவர்கள் உல்லாசப் பயணத்துறையோடு தொடர்புடையவர்கள். ஒருவர் ஜோன் பிரிங்கிள். ரவுண்ட் ஹில் என்ற ஆடம்பர விடுதியை 1953இல் தொடங்கியவர், பின்னர் ஜமைக்காவின் முதலாவது சுற்றுலாப் பணிப்பாளர். மற்றவர் லரி வேத் என்ற அமெரிக்கர். கிங்ஸ்டனுக்கு மேலேயுள்ள மலைப்பகுதியில் ஸ்ரோனி ஹில் விடுதியை நடத்தியவர். கப்போவின் படைப்புகளை வேத் ஆண்டுக்கணக்காக வாங்கி வாங்கிச் சேர்த்தார்.

வேத்தின் மறைவுக்குப் பின் அந்தச் சேகரிப்பு என்னவாகும் என்ற கேள்வி வந்தது. ஏலத்துக்குப் போயிருந்தால் நியூயோர்க்கிலும் மயாமியிலும் லண்டனிலும் வீட்டு வரவேற்பறைகளுக்குள் சிதறியிருக்கும். 1983இல் அது தேசியக் கலைக்கூடத்துக்காக வாங்கப்பட்டது. கப்போவின் பெயரில் தனிப்பகுதி அமைந்தது அதனால்தான். பின்னாளில் பிரிங்கிளின் சேகரிப்பும் கலைக்கூடத்தோடு சேர்ந்தது.

ஒரு கலைஞரின் நூறு படைப்புகள் நூறு வீடுகளில் இருப்பதற்கும், சில பத்துப் படைப்புகள் ஒரே மண்டபத்தில் இருப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒரே மண்டபத்தில் இருக்கும்போதுதான் ஒரு சிற்பத்தின் கை அடுத்த சிற்பத்தில் எப்படி மாறியது, எந்த ஆண்டில் முகம் மாறியது என்று பார்க்க முடியும். பள்ளிப்பிள்ளைகள் பேருந்தில் வந்து பார்க்க முடியும். இதற்காக அந்த விடுதி முதலாளிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அதே வேளை, எது எஞ்சியது என்பதைத் தீர்மானித்தவை வாங்கியவர்களின் விருப்பங்கள். விடுதி வரவேற்பறையில் வைப்பதற்கு ஏற்றது எஞ்சியது. வழிபாட்டுக்காக அன்றன்று செய்யப்பட்டு, வெயிலிலும் மழையிலும் கரைந்துபோனவை எந்தச் சேகரிப்பிலும் இல்லை. கலைக்கூடம் காட்டுவது ஒரு பெரும் வாழ்க்கையின் விற்பனையான பகுதி.

சொல் ஒன்று மாறியது

நெடுங்காலம் கப்போவைப் போன்றவர்களைக் குறிக்க விமர்சகர்கள் பயன்படுத்திய சொற்கள் 'ஆதிவாசிக் கலைஞர்', 'அப்பாவிக் கலைஞர்' என்ற பொருள் தருபவை. படித்துப் பட்டம் பெற்றவர் கலைஞர், படிக்காதவர் அப்பாவி. 1979இல் தேசியக் கலைக்கூடத்தின் டேவிட் பொக்சர் 'உள்ளுணர்வுக் கண்' என்று பொருள்படும் பெயரில் ஒரு கண்காட்சியை ஒழுங்கு செய்தார். முறையாகக் கற்காத, தம் அகக்காட்சியிலிருந்து படைத்த கலைஞர்களை அவர் 'உள்ளுணர்வாளர்' என்று அழைத்தார். கப்போவும் அக்கண்காட்சியில் இடம்பெற்றார். ஜோன் டங்க்லியின் படைப்புகளும் அதில் இருந்தன. 1947இல் இறந்த டங்க்லி ஒரு முடிதிருத்துநர். கிங்ஸ்டனின் பிரின்ஸஸ் வீதியில் இருந்த தன் கடை முழுவதையும் பூவும் கொடியுமாக வரைந்து வைத்திருந்தவர். இருள் சூழ்ந்த அவருடைய நிலக்காட்சிகளைப் பார்க்காமல் கலைக்கூடத்தை விட்டுப் போகக் கூடாது.

'உள்ளுணர்வாளர்' என்ற சொல் முன்னையதைவிட மரியாதையானது. ஆனாலும் அது ஒரு வேலிதான். கப்போவுக்கு உள்ளுணர்வு, எட்னா மான்லிக்குக் கலை என்றால், ஒருவர் யோசிக்காமல் செய்தார், மற்றவர் யோசித்துச் செய்தார் என்றாகிவிடும். ஒரு சபையைப் பல தசாப்தங்கள் கட்டிக் காத்து, வேதாகமத்தை வியாக்கியானம் செய்து, அடர்ந்த மரத்தில் ஐந்து உடல்களை ஒன்றாகப் பிணைத்த மனிதர் யோசிக்காமல் அதைச் செய்தார் என்று நம்புவது கடினம்.

பக்கத்து மண்டபம்

எட்னா மான்லியின் பகுதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் கப்போவின் இடம் விளங்கும். 1900இல் இங்கிலாந்தில் பிறந்தவர் எட்னா. தந்தை ஆங்கிலேய மதகுரு, தாய் ஜமைக்காக்காரி. லண்டனில் கலை கற்று, 1922இல் கணவர் நோர்மன் மான்லியோடு ஜமைக்காவுக்கு வந்தார். 1935இல் அவர் செதுக்கிய 'விழித்தெழுந்த கறுப்பர்' என்ற மரச்சிற்பம், 1937இல் பொதுமக்களிடம் நிதி சேர்த்து வாங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1938இல், தீவெங்கும் தொழிலாளர் கொந்தளித்தார்கள். அந்தச் சிற்பத்தின் பெரிய வடிவம் ஒன்று இன்று கலைக்கூடத்துக்கு அருகே துறைமுக முகப்பில் நிற்கிறது. அங்கும் தலை மேல்நோக்கியே திரும்பியிருக்கிறது. கப்போவின் தலைகள் ஆவியை நோக்கி, எட்னாவினது விடியலை நோக்கி என்று ஒரு வசதிக்காகச் சொல்லலாம். ஆனால் அருகருகே நின்று பார்த்தால் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை.

1965இல், கிளர்ச்சியின் நூற்றாண்டில், மொரன்ற் பே நீதிமன்றத்தின் முன்னால் எட்னா செய்த போல் போகிள் சிலை நிறுத்தப்பட்டது. வாளை இரு கைகளாலும் மார்போடு பிடித்து நிற்கும் கறுத்த, இறுகிய உருவம். அது போகிளின் சாயலில் இல்லை என்று ஊர்மக்கள் பலர் முறையிட்டார்கள். 2007இல் நீதிமன்றக் கட்டடம் தீயில் எரிந்தது. பின்னர் திருத்த வேலைக்காகச் சிலை அகற்றப்பட்டபோது, அது திரும்பி வர வேண்டுமா, போகிளின் புகைப்படம் என்று சொல்லப்படும் படத்தைப் போல வேறொன்று வைக்க வேண்டுமா என்ற வாதம் மீண்டும் கிளம்பியது. கலைத்தரம் தெரியாதவர்களின் பேச்சு என்று சிலர் அதைத் தள்ளிவிட்டார்கள். கொல்லப்பட்டவரின் முகம் அவருடைய முகமாகவே இருக்க வேண்டும் என்று கேட்பது அப்படித் தள்ளிவிடக்கூடிய கோரிக்கையாக எனக்குப் படவில்லை.

இரு மண்டபங்களுக்கும் அரசியல் நிறமும் உண்டு. எட்னாவின் கணவர் நோர்மன் மக்கள் தேசியக் கட்சியை நிறுவியவர். மகன் மைக்கல் மான்லி 1972 முதல் பிரதமர், தேசியக் கலைக்கூடம் தொடங்கியது அவருடைய காலத்தில். எதிரணியான ஜமைக்கா தொழிற்கட்சியின் எட்வேட் சியாகா, அரசியலுக்கு வருமுன் எழுப்புதல் சமயத்தை ஆராய்ந்த மானிடவியலாளர். மேற்குக் கிங்ஸ்டனின் நாடாளுமன்ற உறுப்பினரான அவர் கப்போவை ஆதரித்தார். வேத் சேகரிப்பு நாட்டுக்கு வந்த 1983இல் பிரதமராக இருந்தவரும் அவரே.

இவ்விரு கட்சிகளின் ஆதரவாளர்களும் கிங்ஸ்டனின் சேரிகளில் துப்பாக்கியோடு மோதினார்கள். 1980ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டிய வன்முறையில் சுமார் 800 பேர் இறந்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலானோர் கப்போவின் சபைக்கு வந்தவர்களைப் போன்ற ஏழைகள். அடுத்த ஆண்டு, எண்பது வயதைத் தாண்டிய எட்னா 'சேரித் தாய்' என்ற சிற்பத்தைச் செய்தார். பிள்ளைகளைத் தன்னோடு இறுக்கி அணைத்துக்கொண்டு குந்தியிருக்கும் ஒரு தாய். கட்சித் தலைவர்களின் குடும்பத்துக்குள்ளிருந்து வந்த சிற்பம் அது. அந்தத் தாய் எந்தக் கட்சிக்காரி என்று அதில் எழுதியிருக்கவில்லை.

போகிறவர்களுக்கு

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் உறவுகள் விடுமுறைக்கு ஜமைக்கா போவது இப்போது சாதாரணம். கடற்கரை விடுதியில் இருந்துவிட்டுத் திரும்புபவர்கள் ஒரு நாளைக் கிங்ஸ்டனுக்கு ஒதுக்கலாம். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் இசையோடும் ஆடலோடும் கலைக்கூடத்தை இலவசமாகத் திறந்துவைக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக அங்கே இருந்து வருகிறது. போகுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

உள்ளே போனதும் எழுத்துப் பலகைகளை வாசிக்க ஓட வேண்டாம். முதலில் ஒரு மரச்சிற்பத்தின் முன் நில்லுங்கள். முன்புறம் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் பாதிதான் பார்த்திருப்பீர்கள். முதுகுப் புறத்தில் இன்னொரு கை, இன்னொரு முகம் இருக்கக்கூடும். சுற்றி வாருங்கள். கோயிலில் வலம் வந்து பழகிய எங்களுக்கு வலப்புறமாகக் கால் போகும். எழுப்புதல் அடியார்கள் அதற்கு எதிர்த்திசையில், கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறவர்கள். கப்போவின் சிற்பத்தை அந்தத் திசையில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.